பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியும் தென்னை வெண் ஈயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரும்பிராயில் சிறியதொரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கன்று வாங்க வருவதில்லை. சொப்பிங் பைக்குள் ஓர் இலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, “இதுக்கு என்ன அடிக்கிறது?” என்று கேட்கத்தான் வருகிறார்கள். அந்த இலைகளில் முக்கால்வாசி பப்பாசி இலை, இல்லாவிட்டால் தென்னோலைத் துண்டு. இரண்டிலும் வெள்ளை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, பப்பாசியில வெள்ளையாப் பிடிச்சிருக்கு. தென்னையில பிடிச்சதுதானே இதுவும்?

இல்லை. பப்பாசியில் பஞ்சுபோல அப்பியிருப்பது பெரும்பாலும் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி. இந்தியாவில் மாவுப்பூச்சி என்பார்கள். தென்னோலையின் அடியில் வெள்ளை வட்டம் வட்டமாக இருப்பது வெண் ஈ. இரண்டும் ஊசிபோன்ற வாயை இலைக்குள் செலுத்திச் சாறு குடிப்பவை, இரண்டும் உடம்பிலிருந்து மெழுகு சுரப்பவை, இரண்டும் இரண்டு இரண்டரை மில்லிமீற்றர் அளவுதான். அழுக்கணவனுக்கும் செதிற்பூச்சிக்கும் கிட்டிய உறவு. அதனால்தான் பார்க்க ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல இருக்கின்றன.

ஆனால் வாழும் விதம் வேறு. வெண்மூட்டுப்பூச்சியின் பெண்ணுக்குக் கடைசிவரை இறக்கை முளைப்பதில்லை. மெதுவாக ஊர்ந்துதான் திரியும். வெண் ஈயோ முட்டையிலிருந்து வந்து கொஞ்சத் தூரம் நடந்து, ஓரிடத்தில் வாயைக் குத்தினால் அதன் குஞ்சுப் பருவம் முழுவதும் அந்த இடம்தான். அப்புறம் இறக்கையோடு வெளியே வந்து பறக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளதில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ரெண்டும் வெள்ளைதானே, எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இலையைத் தட்டிப் பாருங்கள். சாம்பல் பறப்பதுபோல வெள்ளையாக எழும்பி, சோம்பேறித்தனமாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இலையடிக்கே வந்தால் வெண் ஈ. ஒன்றும் அசையாவிட்டால் வெண்மூட்டுப்பூச்சியாக இருக்கலாம்.

அடுத்து இலையைத் திருப்புங்கள். தென்னையில் வரும் வெண் ஈ முட்டைகளைச் சுருள் வட்டமாக இட்டு, மேலே மெழுகைத் தூவிவிட்டுப் போகும். பிள்ளைகள் சோக்கட்டியால் வட்டம் கீறியதுபோல இருக்கும். வளர்ந்த பூச்சியின் இறக்கையில் மங்கலான கபிலப் பட்டைகள் இரண்டு தெரியும். பப்பாசியில் இருப்பதற்கு ஒழுங்கு எதுவும் கிடையாது. நரம்போரம், காம்படி, காயின் கழுத்து, குருத்து என்று இடுக்குக் கண்ட இடமெல்லாம் அப்பியிருக்கும். ஈர்க்குக் குச்சியால் அந்தப் பஞ்சை விலக்கினால் உள்ளே மஞ்சள் நிறத்தில் முட்டைகள். ஒரு பெண் 100 முதல் 600 வரை இடும்.

நசுக்கியும் பார்க்கலாம். பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை விரலால் நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். அதையே மதுசாரத்தில் போட்டுவைத்தால் உடம்பு நீலக்கறுப்பாக மாறிவிடும். நான் ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் காட்டுவேன்.

ஈ எண்டு சொல்லுறியள், இது ஈதானோ?

பெயர்தான் ஈ. உண்மையான ஈக்கு இரண்டு இறக்கை, இதற்கு நான்கு. வேடிக்கை என்னவென்றால், வெண்மூட்டுப்பூச்சியின் ஆணுக்கு இறக்கை உண்டு, அதுவும் இரண்டேதான். கண்ணுக்கே தெரியாத அந்த ஆணுக்குச் சாப்பிட வாயும் இல்லை. சில நாள் பறந்து, பெண்ணைத் தேடி, செத்துப்போகும்.

பூச்சி வெள்ளை. பிறகு இலையெல்லாம் ஏன் கறுத்துப்போச்சு?

மரத்தின் சாற்றில் சீனிதான் அதிகம், உடம்பு வளரத் தேவையான சத்துக் குறைவு. அதனால் பூச்சி தேவைக்கு மேலே பல மடங்கு குடித்து, மிஞ்சிய சீனியைப் பின்பக்கத்தால் வெளியே விடுகிறது. பனம்பாணி தெளித்ததுபோல அது கீழ் இலைகளில் படியும். அந்தப் பாணியில் வளர்வதுதான் கரும்பூஞ்சணம். பூஞ்சணம் இலைக்குள்ளே போவதில்லை, மேலே போர்வைபோலக் கிடந்து வெயிலை மறைக்கும்.

ஆகவே கறுப்பைக் கண்டால் அந்த இலையைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே இருப்பதைப் பாருங்கள். வாழை கறுத்துவிட்டது என்று ஒரு அக்கா வந்தார். வாழையில் குற்றமில்லை, தலைக்கு மேலே நின்ற தென்னைதான் காரணம். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் புள்ளி புள்ளியாக ஒட்டுகிறது என்பதும், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் இருக்கை பிசுபிசுக்கிறது என்பதும் இதேதான்.

எறும்பு ஏறுது. எறும்புதான் பூச்சியைக் கொண்டு வாறதோ?

எறும்பு பூச்சியைப் பெற்றுப்போடுவதில்லை. ஆனால் மாடு மேய்ப்பவன் மாதிரி. பாணியைக் குடிக்க வருகிறது, குடிக்கக் கிடைப்பதால் காவல் நிற்கிறது, பொறிவண்டின் குஞ்சு வந்தால் கடித்துத் துரத்துகிறது, சில வேளை குஞ்சுப் பூச்சிகளை வாயில் கவ்விப் புதுக் கிளைக்கும் கொண்டுபோகிறது. முசுறு கூடுகட்டிய மரத்தில் இதை வடிவாகப் பார்க்கலாம்.

பப்பாசியில் நான் முதலில் செய்வது எறும்பின் பாதையை அடைப்பதுதான். தண்டில் துணிப்பட்டி சுற்றி, அதன்மேல் பொலித்தீன் கட்டி, பொலித்தீனில் கிறீஸ் பூசுங்கள். கிறீஸை நேராகத் தண்டில் பூசினால் பப்பாசியின் மெல்லிய பட்டை பழுதாகிவிடும். வேலியிலோ மதிலிலோ தொட்டுக்கொண்டிருக்கும் இலையையும் வெட்டிவிடுங்கள். ஒரு பாலம் மிஞ்சினாலும் எறும்பு கண்டுபிடித்துவிடும். வெண் ஈயில் எறும்பின் பங்கு இவ்வளவு பெரிதில்லை. பறக்கிற ஒன்றுக்கு மேய்ப்பன் எதற்கு?

இதெல்லாம் எங்கட சின்ன வயசில இல்லையே ஐயா, எங்கயிருந்து வந்தது?

இரண்டும் அமெரிக்கக் கண்டத்து ஆட்கள். பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். இலங்கையில் 2008இல் கண்டுபிடித்தார்கள், அதே ஆண்டு கோயம்புத்தூரிலும் கண்டார்கள். தென்னை வெண் ஈக்கு மத்திய அமெரிக்காவின் பெலீசில் கிடைத்த மாதிரிகளை வைத்து 2004இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009இல் புளோரிடா, 2016இல் பொள்ளாச்சி, அதற்குப் பிறகு இங்கே.

ஒரு பூச்சி ஊரைவிட்டு வரும்போது அதன் எதிரி கூட வருவதில்லை. வந்த இடத்தில் தின்ன ஆளில்லாததால் பெருகுகிறது. பப்பாசிப் பூச்சிக்கு அந்த எதிரியைத் தேடிக் கொண்டுவந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி 2009இல் இலங்கையில் விடப்பட்டது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீற்றர்கூட இராது, கொட்டாது. வெண்மூட்டுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று முடிக்கும். 2008, 2009இல் பட்ட அளவுக்கு இன்று பப்பாசி பாடுபடாததற்கு இதுதான் பெரிய காரணம்.

கடையில ஒரு மருந்து தந்தவங்கள். அடிச்சா மூண்டு நாளில போயிடுமோ?

மூன்று நாளில் போகும். மூன்றாம் கிழமை திரும்பி வரும். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாற்றுமேடையின் ஓரத்தில் ஆறு பப்பாசி நின்றது. ஒரு கடையில் தந்ததை இரண்டு முறை அடித்தேன். இலை பளிச்சென்று ஆனது. பெருமையாக இருந்தது. இருபது நாள் கழித்துப் பார்த்தால் குருத்துக்கூடத் தெரியாத அளவுக்கு வெள்ளை.

நடந்தது இதுதான். மெழுகுக்கும் பஞ்சுக்கும் அடியில் இருந்த முட்டைகளுக்கு மருந்து போய்ச் சேரவில்லை. மெழுகே இல்லாத குளவிக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. மேலே சொன்ன எதிரி இல்லாத ஊரை நானே என் கையால் உண்டாக்கியிருந்தேன். பக்கத்தில் மருந்து படாத செம்பரத்தையில் இருந்த பூச்சியைக் குளவி பாதியாகக் குறைத்திருந்தது.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. சிறு கன்று சாகிற நிலையில் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டி, அவர் சொல்வதை, சொல்லும் அளவில் அடியுங்கள். கடைக்காரர் சொல்வது வேறு.

வேப்பெண்ணெய் கலந்தன், தயிர் திரைஞ்ச மாதிரிப் போச்சு. ஏன்?

எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தைப் பிடித்துத் திரளாக்கிவிடும். சவர்க்காரம் திரண்டால் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவைக்க ஆளில்லை. எண்ணெய் தனியே மிதக்கும், மிதந்த எண்ணெய் இலையைப் பொசுக்கும்.

மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அது நல்லது. இல்லாவிட்டால் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கிணற்று நீரிலும் அவ்வளவாகத் திரளாது. அளவு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி திரவம். முதலில் திரவத்தைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, எண்ணெயை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை குலுக்கி, பிறகு மிச்சத் தண்ணீரைச் சேருங்கள். இடையிடையே குலுக்கிக்கொண்டே அடிக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய விசிறுங்கள். பப்பாசி இலை மெல்லியது, முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சலவைத்தூளைக் கைக்கணக்கில் அள்ளிப்போட்டு இலையைக் கருக்கியவர்கள் கோண்டாவிலில் மட்டும் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

தென்னை நாற்பது அடி. அதில எப்பிடி அடிக்கிறது?

கைத்தெளிகருவியால் முடியாது. வெண் ஈக்குத் தண்ணீரின் வேகமே நல்ல மருந்து. பம்பில் அழுத்தம் ஏற்றி ஓலையின் அடிப்பக்கம் பீச்சினால் முட்டையும் குஞ்சும் கழுவுண்டு விழும். குஞ்சு இருந்த இடத்தைவிட்டு நகராதது என்று முதலில் சொன்னேன் அல்லவா, பிடி விட்டால் நாற்பது அடி மேலே திரும்ப ஏற அதனால் முடியாது. கறுப்புப் போர்வையை உரிக்க மெல்லிய கஞ்சி விசிறலாம். காய்ந்ததும் பூஞ்சணத்தோடு பொருக்காக உதிரும். தோட்டத்தில் குட்டைக் கன்றுகள் நின்றால் அவற்றில் இருந்து தொடங்குங்கள், கைக்கு எட்டுவதைச் செய்யாமல் எட்டாததைப் பார்த்துக் கவலைப்படுகிறோம்.

உயரமான மரத்துக்குத் தனி வளவில் செய்து பயனில்லை. பக்கத்து வளவிலிருந்து அடுத்த நாளே பறந்து வரும். ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டார் ஒரே கிழமையில் செய்தால் பலன் தெரியும். தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையின் அலுவலரிடமும் கூட்டாகப் போய்க் கேளுங்கள்.

வேர் வழியா மருந்து ஏத்தினா என்ன?

இளநீர் குடிக்கிறீர்களா இல்லையா? வேர் வழியாக ஏறுவது மரம் முழுக்கப் போகும். நிலத்தில் சிந்துவது சுண்ணக்கல் வெடிப்பால் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். வெண் ஈயால் வளர்ந்த தென்னை சாவது அரிது, காய்ப்புத்தான் குறையும். அதற்காகக் கிணற்றைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

மஞ்சள் அட்டை கட்டினா ரெண்டும் பிடிபடுமோ?

வெண் ஈ பிடிபடும், மஞ்சள் நிறம் அதை இழுக்கும். ஆமணக்கெண்ணெய் பூசிய மஞ்சள் தகரமும் போதும். வெண்மூட்டுப்பூச்சிக்கு வீண், பெண்ணுக்கு இறக்கை இல்லையே. அதிகம் தொங்கவிடாதீர்கள், நல்ல பூச்சிகளும் ஒட்டிச் சாகும்.

வெள்ளைப் பூச்சிக்குள்ள பெரிசா ஒண்டு ஓடித்திரியுது. தாய்ப்பூச்சியோ? நசுக்கிப்போட்டன்.

ஐயோ. ஓடினது என்றால் அது பெரும்பாலும் பொறிவண்டின் குஞ்சு. சில பொறிவண்டு இனங்களின் குஞ்சு வெள்ளை மெழுகுத் துண்டுகளைப் போர்த்துக்கொண்டு, வெண்மூட்டுப்பூச்சி வேடத்தில் அதன் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து தின்னும். ஒரே சட்டம்: வேகமாக நடந்தால் விட்டுவிடுங்கள். வெண்மூட்டுப்பூச்சிக்கு அவசரமே கிடையாது.

இன்னொருவரும் உண்டு. வெள்ளைப் பொடி பூசிய தட்டையான புழு, ஸ்பால்கிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. அது வெண்மூட்டுப்பூச்சியைத்தான் தின்று வளரும். அதன் கூட்டுப்புழுவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அச்சு அசல் குரங்கு முகம். கண், மூக்கு எல்லாம் இருக்கும். என் பேத்தி அதைக் கண்ட நாளிலிருந்து பப்பாசி இலை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு திரிகிறாள்.

தென்னையில் பார்க்க வேண்டியது வேறு. அசையாத குஞ்சின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல வட்டத் துளை இருந்தால் ஒரு குளவி உள்ளே தின்றுவிட்டு வெளியே போயிருக்கிறது என்று பொருள். இந்தியத் தென்னந்தோப்புகளில் என்கார்சியா குவாதெலூப்பே என்ற குளவி இந்த வேலையைச் செய்கிறது. துளையுள்ள ஓலை நிறையக் கண்டால் அந்த மரத்தில் எதையும் அடிக்க வேண்டாம்.

ஓலையை வெட்டி எரிச்சுவிடட்டோ? வேலிக்கும் கிடுகு தேவைதான்.

பச்சை ஓலையை அளவுக்கு மீறி வெட்டினால் பூச்சி செய்வதைவிட நீங்கள் செய்யும் சேதம் அதிகம். நன்றாகப் பழுத்த அடி ஓலை ஒன்றிரண்டை எடுக்கலாம். குஞ்சு உயிரோடு இருக்கும் பச்சை ஓலையைச் சைக்கிளில் கட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்த ஓலையில் சாறில்லை, குஞ்சும் உயிரோடு இராது. கிடுகு பின்னக் கொஞ்ச நாள் பொறுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பப்பாசியில் நிலைமை நேர்மாறு. மோசமாக அப்பிய இலையையும் காயையும் உடனே எடுத்துப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். இழுத்துக்கொண்டு போய் எரிப்பதற்குள் குஞ்சுகள் வழியெல்லாம் உதிரும். வேலியோரப் பார்த்தீனியத்தையும் பிடுங்குங்கள், அதிலும் அது குடியிருக்கும்.

மிளகாய் இலை சுருளுது. தென்னையில இருந்து வந்த ஈயாலதானோ?

இல்லை. மிளகாய், தக்காளியில் இலைச்சுருள் வைரஸைக் காவுவது இன்னொரு வெண் ஈ. ஒரு மில்லிமீற்றர் அளவு, தட்டினால் விசுக்கென்று பறக்கும், சோக்கட்டி வட்டம் போடாது. மரவள்ளித் தேமலும் அதன் வேலைதான். தென்னையில் வருவது உருவத்தில் பெரியது, மந்தமானது. மிளகாய் என்றால் பனிப்பூச்சியாலும் இலை சுருளும், அதனால் பெயர் வைக்கமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

முந்திரிகைக் குலையிலயும் வெள்ளை. அதுவும் பப்பாசிப் பூச்சிதானோ?

நசுக்கிப் பாருங்கள், முன்பு சொன்ன சோதனைதான். இளஞ்சிவப்பாக நீர் வந்தால் அது வேறு வெண்மூட்டுப்பூச்சி, செம்பரத்தையிலும் வருவது. எறும்பை அடைப்பதும் பொறிவண்டை விடுவதும் இதற்கும் பொருந்தும். ஆனால் பப்பாசிக் குளவி இதைத் தொடாது, அது தன் பூச்சியைத் தவிர வேறெதையும் தேடாது.

மாரி மழை வந்தாக் கழுவுண்டு போயிடுமோ?

பெருமளவு போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டுமே குறையும். மாசி பிறந்து வெயில் ஏறினால் திரும்பக் கூடும், சோளகக் காற்றில் வெண்மூட்டுக் குஞ்சுகள் தூசிபோலப் பறந்து அடுத்த வளவுக்கும் போகும். அதனால் மழை விட்டதும், பூச்சி குறைவாக இருக்கும் நேரத்தில், இலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குங்கள். ஆட்கள் என்னிடம் வருவது சித்திரையில். அப்போது பாதி விளையாட்டு முடிந்துவிடும்.

கறுத்த தேங்காய், வெள்ளை பிடிச்ச பப்பாப்பழம் சாப்பிடலாமோ?

சாப்பிடலாம். தேங்காயில் கறுப்பு மட்டையோடு போய்விடும். பழத்தைக் காம்படியில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவுங்கள், பூச்சி தோலுக்கு உள்ளே போவதில்லை. ஆனால் வேப்பெண்ணெய் அடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் பொறுங்கள், கசக்கும். சீவின தோலைப் பப்பாசி அடியிலேயே கொட்டாதீர்கள். ஆட்டுக்குப் போடுங்கள்.